ரேமண்ட் தேர்ந்தெடுத்த மெஷின்

ஆல்ட்ரினுக்கு ஒன்றரை வயது நிறைவதற்குள் நான்கு தடவை வீசிங் வந்துவிட்டது. நான்காவது தடவை குழந்தைகள் டாக்டர் அவன் அம்மா வினோலியாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "வாரியல் போட்டுப் பெருக்காதீங்கம்மா. அந்தத் தூசிதான் இவனுக்கு ஆகல. ஈரத்துணி வச்சுத் துடைங்க. முடியலன்னா மெஷின் ஒண்ணு வாங்கிக்கிடுங்க."

பெருமாள்புரத்தில் மாடி வீடு. கீழே வீட்டுக்காரர்கள் பெங்களூரில் மகனோடு இருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பூட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போவார்கள். வினோலியாவின் கணவன் ரேமண்ட் சரக்குக் கப்பலின் எஞ்சின் ரூமில் மோட்டார்மேன். ஒன்பது மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். சொந்தபந்தம் எல்லாம் கடலோர ஊரான உவரியில். மகள் ரியோனாவின் பள்ளிக்கூடத்துக்காகத்தான் போன வருஷம் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். வந்த பிறகுதான், ஒரு நாள் முழுக்கப் பெரியவர்கள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் இருக்க முடியும் என்பது வினோலியாவுக்குத் தெரிந்தது.

முட்டி போட்டு மூன்று அறைகளையும் துடைத்து எழுவதற்குள் இடுப்பு விட்டுப்போகும். அவள் துடைத்த இடத்திலேயே ஆல்ட்ரின் பிஸ்கட்டை நொறுக்கிப் போடுவான். மெஷின் வாங்கலாம்தான். ஆனால் நான்கு வயது ரியோனாவுக்குச் சத்தம் ஆகாது. மிக்சி ஓடும்போது குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாளிக்குப் பக்கத்தில் காதைப் பொத்தியபடி உட்கார்ந்துவிடுவாள். சட்னி அரைத்து முடித்ததும் வினோலியா போய், "முடிஞ்சிட்டு, வா" என்று கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளை இருக்கிற வீட்டில் வாக்குவம் கிளீனர் என்றால்?

கையால் பிடித்து இழுக்கிறதைவிடத் தானே ஓடுகிற ரோபோ சத்தம் குறைவு என்று போனில் படித்தாள். பிள்ளைகள் தூங்கும் மதிய நேரமெல்லாம் அதையே பார்த்தாள். எல்லாக் கம்பெனியும் தன் மெஷின் சத்தமே போடாது என்றுதான் எழுதியிருந்தது. டெசிபல் கணக்கு போட்டிருந்தார்கள். அந்த எண் காதில் எப்படிக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வீடியோக்களில் மெஷின் ஓடும்போது மேலே பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் புரிந்தது. குப்பையைத் தானே கொட்டிக்கொள்ளும் பெட்டி வைத்த மாடல் நன்றாகத்தான் ஓடும். ஆனால் கொட்டும்போது பத்துப் பதினைந்து விநாடி உறுமும். அது வேண்டாம் என்று முதலிலேயே கழித்துவிட்டாள்.

இதையெல்லாம் ரேமண்டிடம் போனில் சொன்னாள். கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்றது.

"சரி, சரி" என்றான் ரேமண்ட். "பிள்ளைங்க நல்லா இருக்காங்கல்ல?"

"நான் மெஷினப் பத்திக் கேக்கேங்க. எது வாங்கட்டும்?"

"ஆமா, ஆமா. பாத்துக்க."

ஒன்றரை வருஷமாக அப்படித்தான். அவள் சொல்லி முடித்ததும் 'சரி' என்பான். ஆல்ட்ரினை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, "பிள்ளைக்கு மூச்சு விடவே முடியலங்க" என்று அழுகிற குரலில் சொன்னபோது, "நல்லது, நல்லது" என்று பதில் வந்தது. வினோலியா போனை வைத்துவிட்டு ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிறகு ஊசி போட்ட கையின் படத்தை அனுப்பினாள். அடுத்த நிமிஷமே ஏழு மெசேஜ் வந்தது. என்ன ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொன்னார், உன்னோடு யார் இருக்கிறார்கள். எழுதிக் கேட்டால் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிற மனுஷன், பேசினால் காதிலேயே வாங்குவதில்லை. தன் குரல் அவனுக்குச் சலித்துவிட்டது என்று வினோலியா முடிவு கட்டினாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. உவரிக்குப் போன் போட்டு மாமியார் தெரசாவிடம் சொல்லலாம். சொன்னால் அது கோயில் வாசல் வரை போகும்.

ரேமண்ட் ஆனி மாதம் லீவில் வந்தான். வந்த நாலாம் நாள், "வா, அந்த மெஷினப் போய்ப் பாப்போம்" என்று அவனே கிளம்பினான். பிறகு அவள் மெசேஜில் எழுதியதை எல்லாம் நினைவில் வைத்திருந்தான்.

வண்ணார்பேட்டையில் ஒரு பெரிய வீட்டுச் சாமான் கடை. ரோபோக்களைக் காட்டியவர் பெயர் ஐயம்பெருமாள். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் கடையின் அடையாள அட்டை.

"ஓட விட்டுக் காட்டுங்க அண்ணாச்சி" என்றாள் வினோலியா. "எங்களுக்குச் சத்தம்தான் முக்கியம். இவளுக்குச் சத்தம் ஆகாது."

ஐயம்பெருமாள் ரியோனாவைக் குனிந்து பார்த்தார். "அப்படியா தாயி? பயப்படாத. பையத்தான் ஓடும்."

முதல் மெஷின் கறுப்பு. தரையில் வட்டமடித்தது. தூரத்தில் லாரி போவதுபோல ஒரு கனத்த சத்தம். ரியோனா அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். ஆனால் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது வெள்ளை. அதை ஓட விட்டதும் ஊசிபோல 'கீய்' என்று ஒரு கூர்மையான சத்தம் எழுந்தது. வினோலியாவின் பல் கூசியது. ரியோனா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

ரேமண்ட் வெள்ளை மெஷினுக்குப் பின்னாலேயே நாலடி நடந்தான். முகம் மலர்ந்திருந்தது.

"இதான். இதுல சத்தமே இல்லையே. அந்தக் கறுப்பு என்ன இரைச்சல் போடுது!"

அவன் விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்து வினோலியா சிரித்தாள். ஐயம்பெருமாளும் சிரித்தார். ரேமண்ட் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, நல்லாக் கேளுங்க" என்றார் ஐயம்பெருமாள். "இது கீச்சுனு இழுக்குது பாருங்க. பாதிப் பேரு இதனாலயே வேண்டாம்னு போயிருதாங்க. கறுப்புதான் பிள்ளைங்க இருக்க வீட்டுக்குத் தோது."

"எனக்கு மெஷினப் பத்திச் சொல்லித் தராதீங்க. பதிமூணு வருசமா எஞ்சின் ரூம்லதான் நிக்கேன்."

"ஏங்க, பிள்ள காதப் பொத்துது" என்றாள் வினோலியா.

"பழகிரும்" என்றான் அவன். குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தது. பக்கத்தில் ஃபேன் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். கடையில் வைத்துச் சண்டை வேண்டாம் என்று வினோலியா பேசாமல் இருந்துவிட்டாள். வெள்ளை மெஷின் வீட்டுக்கு வந்தது.

அதன் பிறகு ரேமண்ட் தினம் காலையில் அதை ஓட விட்டு, பக்கத்தில் நாற்காலி போட்டு டீ குடித்தான். ரியோனா குளியலறைக்குள் போனாள். வினோலியா அடுக்களையில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். புருஷன் வீட்டில் இருக்கும்போது தனியாக இருப்பது, அவன் கடலில் இருக்கும்போது தனியாக இருப்பதைவிடக் கனமாக இருந்தது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. வாஷிங் மெஷின் வேலை முடிந்து 'கீ கீ' என்று கத்தினால் எழுந்து போவதில்லை. ரியோனா காதோரம் வந்து ரகசியம் சொன்னால், "அப்படியா! அப்படியா!" என்று சிரித்துவிட்டு விட்டுவிடுவான். பிள்ளை சிறிது நேரம் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடும். கடையில் நடந்தது வினோலியாவின் மனதில் ஓடத்தான் செய்தது. ஆனால் பதிமூன்று வருஷம் எஞ்சினைக் காதால் கேட்டே கோளாறு கண்டுபிடிக்கிற ஆள் என்று உவரியில் அவனுக்குப் பெயர். அந்த நினைப்பை அவளே தள்ளிவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மூன்று மணிக்கு, ரியோனாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போனாள். ஆல்ட்ரின் தூங்கிக்கொண்டிருந்தான். ரேமண்ட் பாயில் பக்கத்திலேயே உட்கார்ந்து மெஷினைக் கவிழ்த்துப்போட்டு, பிரஷில் சுற்றியிருந்த தலைமுடியைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தான்.

அரை மணி நேரத்தில் திரும்பினாள். கதவைத் திறந்ததும் அவளுக்குக் கேட்டது. மூச்சு இழுக்கும்போதும் விடும்போதும் மெல்லிய விசில் சத்தம். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

ரேமண்ட் நிமிர்ந்து பார்த்துப் புன்னகைத்தான். "நல்லாத் தூங்குதான். ஒரு சத்தம் இல்ல."

பிள்ளை அவனுக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தது. மேலே துண்டு போர்த்தியிருந்தான். வினோலியா துண்டை இழுத்தாள். விலாவெலும்புக்குக் கீழே சதை உள்வாங்கி உள்வாங்கி எழும்பியது. உதடு வெளுத்திருந்தது.

"ஏங்க! பிள்ள இழுக்கான்! உங்களுக்குக் கேக்கலையா?"

ரேமண்டின் கையிலிருந்து கத்தரி விழுந்தது. அவன் குனிந்து பிள்ளையின் வாய்க்கருகே காதை வைத்தான். அப்படியே வைத்திருந்தான். நிமிர்ந்தபோது அவன் முகத்தைப் பார்த்தே வினோலியாவுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு பக்கத்திலும் அவனுக்குக் கேட்கவில்லை.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவசரப் பிரிவில் நர்ஸ் பிள்ளையின் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தி நெபுலைசரைப் போட்டார். அந்த இயந்திரம் தடதடவென்று ஓடியது. ரியோனா பெஞ்சின் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆல்ட்ரினை மடியில் வைத்திருந்தாள் வினோலியா. இருபது நிமிஷத்தில் விசில் அடங்கி, பிள்ளை அவள் வளையலைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய பிறகுதான் அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"எப்ப இருந்து?"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் தன் முகத்தைப் பார்க்கிறான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"ரெண்டு வருசம் இருக்கும்" என்றான். "மொதல்ல பறவைச் சத்தம் போச்சு. துறைமுகத்துல நிக்கும்போது கடல்காக்கா வாயத் தெறக்கும், சத்தம் வராது. பெறவு ஆளு பேசுறது. சத்தம் கேக்கும், வார்த்த தெரியாது."

"காதுக்கு மாட்டத் தருவாங்கல்ல?"

"தருவாங்க. அந்தச் சூட்டுல மாட்டிட்டு நிக்க முடியாது. எஞ்சின் எப்படிப் பேசுதுன்னு கேக்கணும்னா கழட்டித்தான் ஆகணும். கழட்டிக் கழட்டி வச்சிட்டேன்."

"எங்கிட்ட சொல்லலையே."

"சொன்னா நீ போகாதம்ப. கம்பெனிக்குத் தெரிஞ்சா அவங்க எடுக்க மாட்டாங்க."

வினோலியா பிள்ளையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டாள். "அப்ப போன்ல நான் பேசுனது எதுவுமே உங்களுக்கு…"

"கொரல் வரும்" என்றான் ரேமண்ட். "ஏறி எறங்கி வரும். நீதான்னு தெரியும். என்னத்தச் சொல்லுதன்னு தெரியாது. நீ நிறுத்துனதும் சரின்னு சொல்லுவேன். போன வைக்க மனசு வராது, அதான் பிடிச்சிட்டே இருப்பேன்."

வினோலியாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. "நான் பேசுறது உங்களுக்குச் சலிச்சுப்போச்சுன்னு நெனச்சேன். ஒன்றர வருசம். பிள்ளைக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லுதேன், நல்லதுன்னு சொன்னீங்க. நான் அந்தப் படியில உக்காந்து என்னவெல்லாம் நெனச்சேன் தெரியுமா?"

அவள் வேகமாகப் பேசியதால் அவனுக்குப் பாதிதான் பிடிபட்டது. மறுபடி சொல்லு என்று கேட்கவும் தைரியமில்லாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அதைப் பார்த்ததும் அவள் ஆல்ட்ரினைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

மறு வாரம் காது மூக்கு தொண்டை டாக்டர் மஹாலக்ஷ்மியிடம் போனார்கள். சத்தம் புகாத சிறிய அறைக்குள் ரேமண்டை உட்கார வைத்து ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு வெளியே பரிசோதிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் வினோலியா நின்றாள். அந்தப் பெண் ஒன்றன்பின் ஒன்றாக எதையோ தட்டினாள். உள்ளே ரேமண்டின் கட்டை விரல் பொத்தானின் மேல் காத்திருந்தது. அசையவில்லை. கண்களை மூடிக்கொண்டு, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தவன்போல உட்கார்ந்திருந்தான். அவனை அப்படி யாருமில்லாத ஒருவனாக வினோலியா அதுவரை பார்த்ததில்லை.

"கூர்மையான சத்தம் ரெண்டு காதுலயும் போயிருக்கு" என்றார் டாக்டர். "போனது திரும்பாது. இருக்கிறதக் காப்பாத்தலாம். காதுக் கருவி வைக்கணும். இனி எஞ்சின் ரூம் வேண்டாம்."

கடைசி வாக்கியத்தை அவர் ரேமண்டுக்கு நேராகத் திரும்பி, நிறுத்திச் சொன்னார். அது அவனுக்கு முழுசாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்ததும், "அடுத்த கப்பலுக்கு மெடிக்கல் பாக்கத் தூத்துக்குடில தேதி குடுத்திருக்காங்க" என்றான். "இந்த ஒரு தடவ போயிட்டு வந்திருதேன்."

"மெடிக்கல்ல காது பாப்பாங்கல்ல? போன தடவ எப்படிப் பாஸ் பண்ணுனீங்க?"

"டெஸ்ட் எடுக்க எதிர்ல உக்காந்திருந்த பிள்ள ஒவ்வொரு தடவ தட்டும்போதும் தோள் லேசா அசையும். அதப் பாத்துப் பொத்தான அமுக்குனேன்."

அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வினோலியா அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

"கப்பல்ல தீப்பிடிச்சா மணி அடிப்பாங்களே. அது உங்களுக்குக் கேக்குமா?"

"லைட்டும் சுத்தும்."

"தூங்கும்போது?"

ரேமண்ட் எழுந்து போய் பால்கனியில் நின்றான். மூன்று நாள் கழித்து, கப்பல் ஏஜென்டுக்கு எழுதிய மெயிலை அவளிடம் காட்டி, எழுத்துப் பிழை பார்க்கச் சொன்னான். இரண்டே வரி. உடல்நிலை காரணமாக இந்த முறை வரவில்லை. பிழை ஒன்றும் இல்லை என்றாள். அவன் அனுப்பினான். உடனே ஒரு நன்றி வந்தது. அதோடு பதிமூன்று வருஷம் முடிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை வெள்ளை மெஷினை மறுபடி பெட்டியில் வைத்து வண்ணார்பேட்டைக்குக் கொண்டு போனார்கள். ஐயம்பெருமாள் பெட்டியைப் பார்த்ததுமே கையை விரித்தார். "பிரிச்ச சாமான மாத்த மாட்டாங்களே அண்ணாச்சி. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

வினோலியா வாயைத் திறப்பதற்குள் ரேமண்ட் முந்திக்கொண்டான். "சொன்னீங்க. எனக்குக் காது கேக்காது அண்ணாச்சி. அதான் எனக்கு அது சத்தமில்லாத மாதிரி இருந்துட்டு. கேக்குதுன்னு காட்டிக்கிடறதுக்காக உங்ககிட்டயும் ஏறிப் பேசிட்டேன்."

ஐயம்பெருமாள் பெட்டியை வாங்கி மேஜையில் வைத்தார். பிறகு அவன் தோளைத் தொட்டு, கடையே கேட்கும்படி, "முதலாளிட்ட நான் பேசுதேன்!" என்று கத்தினார்.

"கத்த வேண்டாம்" என்றான் ரேமண்ட். "என்னப் பாத்துச் சொன்னா போதும்."

முதலாளி அரை மனதாக ஒத்துக்கொண்டார். இந்த முறை ரேமண்ட் ஒதுங்கி நின்றான். கறுப்பு மெஷினை ஓட விட்டதும் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் மகளின் கைகளைப் பார்த்தான். ரியோனாவின் கை காதுப் பக்கம் போய்ப் பாதியில் நின்றது. கீழே இறங்கியது.

"இதா?" என்று கேட்டான்.

அவள் தலையாட்டினாள்.

காதுக் கருவி வந்த பிறகு வீடு சரியாகிவிடும் என்று வினோலியா எதிர்பார்த்திருந்தாள். அப்படி ஆகவில்லை. தட்டில் கரண்டி பட்டால் அவனுக்கு அறைந்ததுபோல இருந்தது. குழாய்த் தண்ணீர், ஃபேன், தெருவில் காய்கறி ஆட்டோ என்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. மதியத்துக்குள் கழற்றிவிடுவான். கழற்றியதும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வான். கப்பல் நண்பர்கள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வள்ளியூர்ப் பக்கம் காற்றாலையில் ஆள் கேட்கிறார்கள் என்று அவன் அண்ணன் ஜேக்கப் எழுதியிருந்தான். ரேமண்ட், போய்ப் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவளுக்குப் பேச ஆசை வந்தால் அடுக்களையை விட்டு வந்து அவனுக்கு எதிரே உட்கார வேண்டும். கை வேலையாக இருக்கும்போது வருகிற சின்னச் சின்னப் பேச்சுகளெல்லாம் வராமலே போயின. பழைய வருத்தம் போய்விட்டது. ஆனால் அந்த இடம் காலியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, "ஆத்துக்குப் போவோமா?" என்று அவனே கேட்டான். குறுக்குத்துறையில் ஆற்றில் தண்ணீர் நிறையப் போனது. ரேமண்ட் காதுக் கருவிகளைக் கழற்றி டப்பாவில் வைத்து வினோலியாவிடம் கொடுத்தான். ரியோனாவைக் கரையோரப் படியில் இடுப்பளவு தண்ணீரில் நனைய வைத்து, தலை துவட்டி, அம்மாவிடம் விட்டுவிட்டு, தான் மட்டும் உள்ளே போனான். கடலில் நீந்திய உடம்பு. நாலு கை போட்டு நடு ஆற்றுத் திட்டுப் பக்கம் போய், நெஞ்சளவு தண்ணீரில் நின்றான். அவர்களுக்கு முதுகு காட்டி, ரயில் பாலம் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வெகு நேரம் நின்றான்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள் வினோலியா. பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் திரும்பவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

துவைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "பிள்ளைங்கள ஒரு நிமிசம் பாத்துக்கிடுங்கக்கா" என்று சொல்லி, ஆல்ட்ரினை அவள் மடியில் உட்கார வைத்தாள். பையை ரியோனாவிடம் கொடுத்தாள். சேலையைக்கூடத் தூக்கிச் செருகாமல் படியிறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. உவரிக்காரிதான், என்றாலும் ஆற்றின் இழுப்பு வேறு மாதிரி இருந்தது. காலால் மணலைத் தடவித் தடவி நடந்தாள். அவன் பக்கத்தில் போய், முதுகில் கை வைத்தாள்.

ரேமண்ட் திடுக்கிட்டுத் திரும்பினான். நனைந்த பூசைச் சேலையோடு அவள் நிற்பதைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது; அது ஆற்றுத் தண்ணீரால் மட்டும் இல்லை.

"கூப்பிட்டியா?" என்று கேட்டான்.

"ஆமா" என்றாள். "அதான் வந்தேன்."

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் சேர்ந்து கரையைப் பார்த்து நடந்தார்கள்.